சத்தம் அடங்கும் இடம்

ஸ்ரீரங்கம்
4-7-1961

என் கண்ணே ரங்கநாயகி,

இங்கே எல்லாம் இருந்தபடி இருக்கிறது, நீ ஒருத்திதான் இல்லை. ரேடியோ ரிப்பேர்க் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் வீடு என்னோடு பேசமாட்டேன் என்கிறது. உனக்குப் பார்வை போன நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யவிடாமல்தானே வைத்திருந்தேன். அப்படியும் காவிரிக்கு அந்தப் பக்கம் போய், கண் தெரியாத பிள்ளைகளுக்கு சயன்ஸ் சொல்லித்தருகிறேன் என்று ஹாஸ்டலில் உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு மனசு ஆறவே இல்லை. வீட்டுக்கு வந்துவிடு. அங்கே மாடிப்படி செங்குத்தாமே, நிதானமாக இறங்கு.

அழகர்சாமி

திருச்சி
9-7-1961

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்தது ரோசம்மாள் டீச்சர். ‘என் கண்ணே’ என்ற இடத்தில் இருமிவிட்டு மேலே போனார். இனிமேல் பெயரை மட்டும் எழுதுங்கள். நான் வரி கோணாமல் எழுத அட்டையில் சன்னல் வெட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு வேலையும் செய்யவிடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் வந்தேன். டம்ளருக்குக் கை நீட்டும் முன்னே ‘இன்னும் கொஞ்சம் வலது பக்கம்’ என்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுத்தவள் நம் வீட்டில் ஒரு பொருளையும் தானாகக் கண்டுபிடித்ததில்லை. உங்கள் மேல் பிரியம் குறையவில்லை. அந்தக் குரல் இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு வருகிறது, அவ்வளவுதான்.

ஒரு உதவி வேண்டும். மின்தடை அளக்க, ஒரு மீட்டர் நீளக் கம்பி கட்டிய பலகை இங்கே இருக்கிறது. தொடுமுனையைக் கம்பிமேல் நகர்த்திக்கொண்டே போனால், இரண்டு பக்கமும் சமமாகிற இடத்தில், கூடவே இணைத்த மின்மானியின் முள் அசையாமல் நிற்கும். அந்த முள்ளை என் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பது? அதற்குப் பதிலாகக் காதுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

ரங்கநாயகி

ஸ்ரீரங்கம்
30-7-1961

ரங்கநாயகிக்கு,

டீச்சரின் இருமலுக்கு மிளகுக் கஷாயம் நல்லது என்று சொல்.

முள்ளை எடுத்துவிட்டுப் பழைய டெலிபோனின் காதுக்குழலைப் போட்டிருக்கிறேன். காலிங்பெல் சுருள் ஒன்று பாட்டரியோடு சேர்ந்து ரீங்காரம் கொடுக்கிறது. அதன் சொந்தச் சத்தம் வெளியே வராமல் பஞ்சுப் பெட்டிக்குள் அடைத்துவிட்டேன். நேற்றுக் கண்ணை மூடிக்கொண்டு நானே கம்பியைத் தடவிப் பார்த்தேன். கிட்டே போகப் போகச் சத்தம் தேய்ந்து, ஓரிடத்தில் இல்லாமலே போயிற்று. கோயில் மணி ஓய்ந்த பிறகும் காற்றில் ஏதோ மிச்சம் இருக்குமே, அந்த மாதிரி. கடைக்கு வந்தவர் கூப்பிட்டும் எனக்குக் கண்ணைத் திறக்க மனமில்லை.

பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நானும் வரட்டுமா? பிள்ளைகள் தடுமாறினால் இடமா வலமா என்று சொல்லலாம்.

அழகர்சாமி

திருச்சி
5-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

கருவி வந்தது. மத்தியானம் முழுக்கக் காதில் வைத்துக்கொண்டு கம்பியில் மேலும் கீழும் போய்வந்தேன். எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. காதுக்குழலைப் பித்தளைச் சொம்புக்குள் வைத்தால் வகுப்பு முழுக்கக் கேட்கிறது.

இடமா வலமா என்று சொல்ல யாரும் வேண்டாம். சொல்லாமல் இருக்க முடியுமென்றால் வாருங்கள். முடியாதென்றால் வரவேண்டாம், வீட்டுக்கு வா என்று இனி எழுதவும் வேண்டாம்.

ரங்கநாயகி

திருச்சி
23-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. இனி எழுதமாட்டீர்கள் என்றே நினைத்திருந்தேன்.

நேற்று வகுப்பில் பின்பெஞ்சு முனகியது. ஈயம் பற்றவைக்கிற வாசனை வந்தது. ரோசம்மாள் டீச்சர் காரணமில்லாமல் இருமினார்.

மாரியாயி என்ற பெண் கம்பியில் தேடிக்கொண்டிருந்தாள். சரியான இடத்தைத் தாண்டிப் போனாள், சொம்பில் சத்தம் ஏறியது. திரும்பினாள், மறுபடியும் தாண்டினாள். எனக்கே நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்பெஞ்சிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு சொம்பு மெல்ல மெல்ல ஓய்ந்தது. ‘இங்கதான் இருக்கு டீச்சர்’ என்றாள். நான் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிடுவேன், இனி வாராவாரம் அப்படித்தான். பஸ் நிற்கும் இடத்துக்கு வாருங்கள். பக்கத்தில் நடந்தால் போதும், படி வந்தால் நானே பார்த்துக்கொள்வேன்.

இனிமேல் கடிதத்தைப் பழையபடியே ஆரம்பிக்கலாம். டீச்சர் இருமிக்கொள்ளட்டும்.

ரங்கநாயகி