சிம்மக்கல் கூட்டத்தில் சிரித்தார்கள்

1979 ஜூன், சனிக்கிழமை இரவு.

வாடிப்பட்டிப் பக்கத்துக் கூலிப் பெண்களைப் பற்றிய என் ஆய்வை என் பேராசிரியர் இன்று சிம்மக்கல்லில் பொதுமக்களுக்கு விளக்கினார். எனக்குப் பேட்டி கொடுத்த பேச்சியக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். பச்சை உடம்போடு நாற்று நடப் போய் அவள் மயங்கி விழுந்த கதையை, பேராசிரியர் அவளைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இவுக சிரிக்கத்தானா தாயி இம்புட்டையும் ஒங்கிட்டச் சொன்னேன்?" என்றாள் அக்கா.

நான் எழுந்தேன். "சார், அவங்க இங்கதான் இருக்காங்க. மன்னிப்புக் கேளுங்க."

"சுவையாச் சொன்னாத்தாம்மா ஜனங்க கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு மேலே பேசினார்.

அக்காவோடு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஏறும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்களன்று அவரிடம் நேராகச் சொல்வேன், பேச்சியக்காவின் கதையை இனி எந்த மேடையிலும் பேசக்கூடாது என்று. பட்டம் போனால் போகட்டும்.