மனம் மாறுதல் சேராது

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு கூடமே என்னைப் பார்த்துச் சிரித்தது. விழா நடத்தித் தருபவர்களுக்கு ஒப்பந்தம், காப்பீடு பற்றி எங்கள் சங்கத்தில் வகுப்பு. வக்கீலம்மா "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார். என் வாய் சும்மா இருக்குமா?

"மேடம், என் பொண்ணு கல்யாணத்தை நானே நடத்துறேன். ஒப்பந்தத்துல வாடிக்கையாளர்னும் நானே கையெழுத்துப் போட்டேன், ஏற்பாட்டாளர்னும் நானே போட்டேன். செல்லும்ல?"

"தகராறு வந்தா யார் மேல கேஸ் போடுவீங்க?"

"என் மேலதான்."

"ரெண்டு பக்கமும் ஒருத்தரே இருந்தா அது ஒப்பந்தம் இல்லைங்க. தனியா பேசிக்கிறது."

பின்வரிசையில் ஒருவர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நானும் சிரித்து வைத்தேன். பத்தாவதோடு நின்றவனுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

வீட்டில் சொன்னால் மகள் இன்னும் மோசம். "அப்பா, உங்களுக்கு நீங்களே தள்ளுபடி கொடுத்தீங்களா, இல்லையா?" அவளிடம் கெத்தாக ஒரு பாடம் நடத்தினேன்: வாயால் கொடுத்த வாக்கும் ஒப்பந்தம்தான். எழுதாவிட்டால் நிரூபிப்பதுதான் கஷ்டம்.

மார்ச் 5, புதன்

கல்யாணத்துக்குக் காப்பீடு எடுத்தேன். மனைவியின் தம்பி அந்த முகவர் வேலைதான் பார்க்கிறான், வீட்டில் அவன் பெயரே பாலிசி. மண்டபம் எரிந்தால் பணம் உண்டு. வெள்ளம் வந்தால் உண்டு. பெண்ணோ பையனோ படுத்துவிட்டால், டாக்டர் கடிதம் இருந்தால், உண்டு. கடைசி வரி: மனம் மாறுதல் சேராது.

"இதை எதுக்குடா போட்டிருக்கான்?"

"சும்மா ஒரு இதுக்கு மாமா. நம்ம வீட்டுலயா நடக்கப் போகுது."

மார்ச் 19, புதன்

நாற்காலிகளுக்குப் புது உறை தைக்கக் கொடுத்தேன். ஊரார் உட்கார்ந்து அழுக்காக்கியது என் பெண் கல்யாணத்துக்கு வேண்டாம்.

ஏப்ரல் 2, புதன்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சமையலறையில் என்னை உட்கார வைத்து, "அப்பா, வேண்டாம்" என்றாள். காபி வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் போகலாம் என்று பையன் முதல் நாளே சொல்லியிருந்தான். இப்போது ராஜினாமா எழுதிக் கொடு என்கிறானாம். கேட்டால், 'அப்ப ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.'

"வாய் வார்த்தையும் ஒப்பந்தம்னு நீங்கதானேப்பா சொன்னீங்க. மீறினது அவர். நான் இல்ல."

சரி என்றேன். அவள் சொன்னது சரிதானே. அப்பன் நடத்திய பாடத்தை உருப்படியாகக் கேட்டது இவள் ஒருத்திதான்.

ஏப்ரல் 3, வியாழன்

மண்டபக்காரர், சமையல்காரர், விளக்குக்காரர் — எல்லோரும் ஒரே விதியைக் காட்டுகிறார்கள். கடைசி வாரத்தில் நிறுத்தினால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். அந்த விதியை இவர்களுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான். "நீங்க சொல்லிக் கொடுத்ததுதானேண்ணே" என்கிறார் மண்டபக்காரர், மரியாதையாக. சொந்தச் செலவில் சூனியம்.

மற்ற கல்யாணமென்றால் பெண்ணைப் பெற்றவரிடம் போய் வாங்கியிருப்பேன். பெண்ணைப் பெற்றவரிடம் ஒன்றுமில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். வண்டியும் நாற்காலிகளும்தான் மிச்சம். அவற்றை விற்றால் தொழிலே இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பாலிசி வந்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மாமா, மனசு மாறிச்சுன்னா காசு வராது. மனசு சரியில்லைன்னா வரும். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் எழுதித் தருவார். தூக்கமில்லை, படபடப்பு, கவனம் நிக்கல. அவ்வளவுதான். இந்தக் காலத்துல யாருக்கு மாமா மனசு சரியா இருக்கு?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் மனைவி.

கேட்டால் மாட்டேன் என்பாள். அதனால் கேட்கவில்லை. காப்பீட்டுப் படிவத்தில் அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மண்டபத்தில் போடாத நாற்காலிகள் எங்கள் வீட்டு வாசல்வரை அடுக்கிக் கிடக்கின்றன. புது உறை.

ஏப்ரல் 17, வியாழன்

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரிக்க வந்தவர் வீட்டுக்கு வரவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அவள் கூடத்திலேயே, மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, டாக்டர் கடிதத்தை நீட்டியிருக்கிறார்: இது உண்மையா?

"நீ என்னம்மா சொன்னே?"

"ஆமான்னேன்."

"ஏம்மா?"

"இல்லைன்னா உங்களைத்தானேப்பா பிடிப்பாங்க?"

திட்டியிருந்தால் தேவலை. கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். பொரியலில் உப்பு இல்லை என்றாள். உண்மையிலேயே இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. டேய், நீயெல்லாம் ஒரு அப்பன்.

மே 6, செவ்வாய்

பணம் வந்துவிட்டது. எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. வண்டி நிற்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன. பாலிசி இனிப்பு வாங்கி வந்தான். டப்பாவை யாரும் பிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். கவனம் நிற்காது என்று டாக்டரே எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணிடம் ரத்தப் பரிசோதனையை எப்படி விடுவது — மேற்பார்வையாளர் கேட்டாராம். நியாயமான கேள்வி. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லையாம்.

காலை பத்து மணிக்கு அவளை வீட்டில் பார்த்தே பல வருடமாகிறது. நாற்காலிக் கொட்டகையில் நின்று உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு.

"வீட்டுல சும்மா இருந்தா நேரமே போகலப்பா" என்று சிரித்தாள். என் சிரிப்பு மாதிரியே இருந்தது.

"வெயில் ஏறுது, உள்ள போம்மா" என்றேன்.

அந்தப் பையன் கேட்டதைத்தான் நானும் உனக்குச் செய்து முடித்தேன், அவனாவது உன்னைக் கேட்டான் என்று சொல்லவில்லை.