கழுத்தில் ஒரு கறுப்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று 15.40 மீட்டர். தேசிய அணியில் சேரப் பதினாறு வேண்டும். தேர்வுப் போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள். அறுபது சென்டிமீட்டர்தானே என்பவர்கள் ஒருநாள் வந்து எறிந்து பார்க்கட்டும்.

கழுத்து எரிகிறது. நாலு கிலோ இரும்புக் குண்டைத் தாடைக்குக் கீழே அழுத்தி ஒன்பது வருஷமாக எறிந்ததில், அந்த இடம் காய்த்துக் கறுத்துவிட்டது. குளித்துவிட்டு வந்ததும் அம்மா பிடித்து உட்கார வைத்துக் களிம்பு தேய்க்கிறாள். "பொண்ணு கழுத்தாடி இது? நுகத்தடி பட்ட மாடு மாதிரி இருக்கு."

மாடாவது உழுதுவிட்டு நிம்மதியாகப் படுக்கும்.

மார்ச் 5, வியாழன்

கிளப்பில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவர் விளம்பர அதிகாரி. யாரைப் பார்த்தாலும் "சிரிங்க, சிரிங்க" என்பதால் எங்களுக்கு அவர் 'சிரிங்க சார்'. தேர்வுப் போட்டிக்கு ஒரு முகக்கிரீம் கம்பெனி கேமராவோடு வருகிறதாம். வீராங்கனைகள் லட்சணமாக வரவேண்டுமாம். கூந்தல், நகம், உதடு என்று போய், கடைசியில்: "எறியும்போது கத்துவதைத் தவிர்க்கவும்."

ஆண்களுக்கு ஒரே வரி. சவரம் செய்துகொண்டு வரவும்.

ஒத்துக்கொள்ளாதவர் பெயர் போட்டிக்குப் போகாது. பெயர்ப் பட்டியலை அனுப்புவது அவர்தான். ஆக, என் குடுமி அவர் கையில்.

மார்ச் 6, வெள்ளி

கத்தாமல் எறிந்து பார்த்தேன். 14.10. பயிற்சியாளர் அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, குண்டு எறியறியா, குழந்தையத் தொட்டில்ல போடறியா?"

மார்ச் 9, திங்கள்

ஒப்பனை ஒத்திகை. ஒப்பனைக்கார அக்கா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குமா?" என்றாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு மூன்று பூச்சு பூசி, கறுப்பு இருந்த சுவடே தெரியாமல் செய்துவிட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். பொய் எதற்கு, அழகாகத்தான் இருந்தேன். இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சிவப்பு உதட்டுச் சாயம் எனக்கென்றே செய்தது.

அப்படியே எறியும் வட்டத்துக்குள் போய்க் குண்டைக் கழுத்தில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு தோளுக்கு வந்துவிட்டது. குண்டு கழுத்தை விட்டு இறங்கினால் ஃபவுல். மூன்று தடவை எறிந்தேன், மூன்றும் ஃபவுல். சிரிங்க சாரிடம் போய்ச் சொன்னால், "பழகிடும்மா, சிரிங்க" என்கிறார். என்னத்த சிரிக்கிறது? ஒன்பது வருஷம்யா! ஒரு டப்பா பூச்சுல போயிடுமா?

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "பாரு, கழுத்து இப்பதான் கழுத்து மாதிரி இருக்கு."

அழுதேன். பூச்சு கலையாமல் அழ முடிகிறது என்பதும் தெரிந்தது. நல்ல சரக்கு.

மார்ச் 12, வியாழன்

ஒப்பனைக்கார அக்காவுடன் டீ குடித்தேன். நல்ல மனுஷி. என்னைவிடக் குசும்பு.

மார்ச் 14, சனி

இன்று கம்பெனி மேலாளர் மைதானத்தைப் பார்க்க வந்தார். போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்றதும், ஒப்பனைக்கார அக்கா சிரிங்க சாரை நாற்காலியில் உட்கார வைத்தாள். "கேமரா முன்னாடி நிக்கிறவங்க எல்லாருக்கும் உண்டு சார்." முகத்தில் லேசாக, கழுத்தில் தாராளமாக. மனுஷன் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் பவ்யமாகப் போய், "சார், குண்டோட ஒரு படம் எடுத்தா எடுப்பா இருக்கும்" என்று கையில் கொடுத்தேன். கால்களை அகட்டி நிற்கவும் நானே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கையாலும் தூக்கிக் கழுத்தில் வைத்தார். ஒரு கையை எடுத்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். குண்டு கழுத்திலிருந்து வழுக்கி, வெள்ளைச் சட்டையில் பழுப்பாய் ஒரு கோடு போட்டுக்கொண்டே இறங்கி, இரண்டு காலுக்கும் நடுவே மணலில் புதைந்தது. மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பயிற்சியாளர் அக்கா மட்டும் சிரிக்காமல் விசிலை ஊதி, "ஃபவுல்" என்றார்.

மாலையில் சிரிங்க சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கழுத்த மட்டும் விட்டுடலாம்."

"கத்துறதையும் விட்டுடுங்க சார். உதட்டுக்கு வேணும்னா நான் ரெடி. அந்தச் சிவப்பே இருக்கட்டும்."

பட்டியல் போய்விட்டது. என் பெயர் நாலாவது. நானே எட்டிப் பார்த்தேன்.

மார்ச் 20, வெள்ளி

நாளைக்குப் போட்டி. பையை மூன்று தடவை பிரித்து அடுக்கினேன்.

மார்ச் 21, சனி

முதல் எறி ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல். குண்டு ஒழுங்காகத்தான் இருந்தது, கால்தான் வட்டத்தைத் தாண்டியது. மூன்றாவதும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கத்தினேன் பாருங்கள் ஒரு கத்து, கொடி பிடித்திருந்த நடுவர் ஓரடி பின்னால் போனார்.

16.12. பதினாறு புள்ளி பன்னிரண்டு. எழுத்தில் ஒரு தடவை எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

கம்பெனி போஸ்டர் வீட்டுக்கு வந்தது. அணிச் சட்டையில், சிவப்பு உதட்டோடு நான். கம்ப்யூட்டரில் கழுத்தை வழித்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். கை பாதியாக இளைத்திருக்கிறது. அந்தக் கையால் ஒரு தேங்காயைக்கூட எறிய முடியாது.

அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது யாருடி?" என்றாள்.

உள்ளே போய்த் தன் புருவப் பென்சிலை எடுத்து வந்தாள். "இப்படி வா, கழுத்தக் காட்டு" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பி, பார்த்துப் பார்த்துப் போஸ்டரில் வரைந்தாள். இரண்டு தடவை அழித்து வரைந்தாள். அளவு சரியாக வரவில்லையாம்.

பென்சில் தீர்ந்துவிட்டது. நாளைக்கு ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள், கை இன்னும் பாக்கி இருக்கிறதாம்.