மாட்டுப் படம் ஒட்டிய போத்தல்

சுன்னாகம்
12.3.1986

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் கூட்டாளி தேவராஜா வந்து போனார். நாளை என் தம்பியின் மரண விசாரணையில் நான் வாய் திறக்கக் கூடாதாம். "நான் அவனுக்கு ஊசி போடேல்லை, வாயாலைதான் சொன்னனான். சட்டம் என்னை என்ன செய்யும்?" என்றீர்களாம்.

உங்கள் தேகப்பயிற்சிக் கழகத்துக்கு ஆணழகன் கிண்ணம் வேண்டும் என்று அவனை மருந்து ஏற்றச் சொன்னது யார்? வல்வெட்டித்துறையிலிருந்து வந்த அந்தப் போத்தலில் மாட்டுப் படம் ஒட்டியிருந்தது. அதை நீங்கள் நகத்தால் சுரண்டியதைக் குசினி அடுப்படியில் நின்று கண்டேன். கேட்டதற்குச் "சத்து மருந்தடி" என்றீர்கள். படத்தைக் கண்டு, மாட்டுக்குப் போடும் மருந்தென்று அறிந்திருந்தால் என் தம்பி குகதாசன் அதைத் தொட்டிருப்பானா?

கண் மஞ்சளாகி, கஞ்சியும் இறங்காமல் கிடந்தபோதுகூட, "அத்தான் பிழையாச் சொல்லுவாரோ அக்கா?" என்று என்னைத்தான் அடக்கினான். பெண் கொடுத்த வீடு என்பதால் உங்கள் சொல்லுக்கு இந்த வீட்டில் யாரும் மறுசொல் சொன்னதில்லை. அந்தத் துணிவில்தானே சொன்னீர்கள்?

நாளை பயப்படாமல் வாருங்கள். உங்கள் மேல் நான் கை வைக்க மாட்டேன். நானும் வாயால்தான் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா