அப்பாவுக்கு வைத்த பழம்பொரி

அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டிச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று குறைத்தும் சொல்ல மாட்டேன். எனக்கே புரியாத ஒன்றிரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் புரியாதபடியே எழுதிவிடுகிறேன்.

அம்மா என் பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் பேச்சை இப்போதும் கேட்கிறாள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் போனதிலிருந்து ஒரு வருஷம் நம் வீட்டில் தினமும் சாயங்காலம் பழம்பொரி. பள்ளிக்கூடப் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெரு முனை திரும்பும்போதே எண்ணெய் வாசனை வந்துவிடும். முதல் மாதம் முழுக்க அந்த இடத்தில் என் கால் தானாக வேகமெடுக்கும். உங்கள் வண்டி வாசலில் நிற்கும் என்று தோன்றும். வண்டியைத்தான் கம்பம் ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டோமே என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

அந்தக் கடைசிச் சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். காய்கறி ஏற்றிக் குமுளிக்குப் போய் வந்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மலை ஏறியதும் அந்தச் சாயாக்கடை, ஒரு சாயா, நீளவாக்கில் அரிந்த நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி இரண்டு. பேச்சை அப்படியே நிறுத்தி அம்மாவைப் பார்த்தீர்கள்.

“ஏ தங்கம், ஒரே ஒரு பழம்பொரி கெடைக்குமா? குமுளிக்குப் போகணும்னு இல்ல. நீ போட்டாலும் திம்பேன்.”

“போட்டாலும் திம்பீகளா? அம்புட்டு எளப்பமாப் போச்சா எங்கையி? மொதல்ல கஞ்சியக் குடிங்க. நாளைக்குப் பாப்பம்.”

நீங்கள் சிரித்துக்கொண்டே கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்தீர்கள். விடிவதற்குள் நெஞ்சு வலி வந்துவிட்டது.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று அம்மா உத்தமபாளையம் போய் நேந்திரம்பழம் வாங்கி வந்தாள். இரண்டு பழம்பொரி, தூக்கலாகச் சீனி போட்ட ஒரு டீ. உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து, “தின்னுங்க” என்றாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். படைத்ததை வீசக் கூடாது என்று அவளே எடுத்துச் சாப்பிட்டாள். நான் தடுக்கவில்லை. ஒருநாள்தானே என்று நினைத்தேன். மறுநாளும் எண்ணெய் காய்ந்தது.

இனி எழுதுவது எனக்குக் கொஞ்சம் பயமான விஷயம். நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பழம்பொரியின் இரண்டு முனையையும் முதலில் கிள்ளித் தின்பீர்கள். நடுத்துண்டை டீயில் நனைப்பீர்கள். மெல்லும்போது இடது கண் லேசாக மூடிக்கொள்ளும். கடைசியில் தொண்டையை ஒருமுறை கனைப்பீர்கள். அம்மா அப்படிச் சாப்பிடுகிறவள் இல்லை. அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறவள். நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முனைகளைக் கிள்ளினாள். நடுத்துண்டை நனைத்தாள். இடது கண் மூடியது. ஒருநாள் கனைப்புச் சத்தம் கேட்டு, “என்னப்பா?” என்று அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டேன். அந்த அறையில் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது யார் அப்பா?

தைக்குப் பிறகு அம்மாவின் குதிகாலில் திராட்சைப் பந்தல் கம்பி கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். மஞ்சள் வைத்தாள், ஆறவில்லை. தோட்டத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் ஆறுகிற காயம் இவளுக்கு மட்டும் ஆறவில்லை. உங்கள் கால்விரலும் இப்படித்தானே ஆரம்பித்தது? நான் லீவு போட்டு அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

நர்சக்கா விரலில் குத்தி எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “இம்புட்டு சுகர வச்சுக்கிட்டு எப்பிடிம்மா தோட்டத்துல நிக்கிறீக? வீட்டுல யாருக்காச்சும் இருந்துச்சா?”

“எங்க வீட்டுக்காரகளுக்கு” என்றாள் அம்மா, ஏதோ அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் போல.

மாத்திரை கொடுத்தார்கள். நர்சக்கா ஒரு வெறும் தட்டை எடுத்து அதில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். “பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு சோறு. கம்போ கேழ்வரகோ, எதா இருந்தாலும் அதே கால் தட்டுதான். சிறுதானியம்னு சட்டி நெறையத் திங்கக் கூடாது. மிச்சக் கால்ல பயறு, முட்டை, மீனு. டீயில சீனி வேணாம். எண்ணெப் பலகாரத்த மறந்துருங்க.” அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஒன்று சொல்ல வேண்டும் அப்பா. அம்மா அதை அப்படியே கடைப்பிடிக்கிறாள். மத்தியானம் முருங்கைக்கீரையும் அவரைக்காயும் பாதித் தட்டுக்கு மேலேயே இருக்கும். சோறு ஓரமாக ஒதுங்கியிருக்கும். நான் நூலகத்துப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பாள். பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள் என்று சொன்னேன். சீனி இல்லாத பிஸ்கட் என்று நீங்கள் ஒரு பாக்கெட்டை மூச்சு விடாமல் முடிப்பீர்களே, அதன் பின்பக்கத்தில் முதலில் இருந்தது மைதா மாவு. அம்மா சிரித்தேவிட்டாள். அதே அம்மா சாயங்காலமானால் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

“நர்சக்கா என்ன சொன்னாக? நீயும் தலையாட்டினேல்ல?”

“அது எஞ்சாப்பாட்டுக்கு. இது ஒங்கப்பா சாப்பாடு.”

“சாப்பிடுறது நீதானம்மா?”

“படைச்சத வீசச் சொல்றியா?”

ரத்தத்தில் குளுக்கோஸ் எப்படிச் சேர்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். “நல்லா வரையிற ஆத்தா” என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போனாள்.

உங்கள் முதல் வருஷத் திதிக்கு ஜெயமங்கலத்திலிருந்து அத்தை வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏ ஆத்தா, இப்பிடி எளச்சுப் போயிட்ட! புஸ்தகத்தத் தின்னா சதை வைக்குமா? இந்தா, அதிரசம். எந்தம்பி பங்கு போக ஒனக்கும் ஒங்காத்தாளுக்கும் இருக்கு.”

“அம்மாவுக்கு சுகர் இருக்கு அத்தை.”

“தெரியும்டி. அதுக்குத்தான வெல்லத்துல சுட்டது! சீனி ஒரு பொட்டு இல்ல.”

“வெல்லமும் உள்ள போனா சீனி மாதிரிதான் அத்தை.”

“போடி இவளே! எங்க ஐயா காலம் பூரா வெல்லந்தான் தின்னாரு.”

“அவரு நாளெல்லாம் ஏர் ஓட்டினாரு. நாம டிவியில்ல பாக்குறோம்?”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். படையலுக்கு என்னென்ன வைப்பது என்ற பேச்சு வந்தது. வீட்டில் நாம் சாப்பிடுகிற கீரையும் காயும் வைப்போம், பழம்பொரி இன்றைக்கு ஒன்று மட்டும் போதும் என்று நான் சொன்னேன்.

“உசுரோட இருக்கப்பதான் எந்தம்பி வாயக் கட்டிப்போட்டீக” என்றார்கள் அத்தை. “செத்தும் கட்டணுமா?”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், வாங்கி வைத்திருந்த பழம் முழுவதையும் அரிந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் இலை போட்டோம். பழம்பொரி மட்டும் ஒரு குவியல், பக்கத்தில் டம்ளரில் டீ. நீங்கள் வந்து சாப்பிட வேண்டுமென்று கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் வாசலில் நின்றோம். “சத்தம் காட்டாதீக, திங்கட்டும்” என்று அத்தை கிசுகிசுத்தார்கள். அப்போது உள்ளே டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. “பூனையா இருக்கும்” என்றார்கள் அத்தை. தெருவில் பூனைகள் உண்டு. ஆனால் ஜன்னலை நானே சாத்தியிருந்தேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் அவள் நேராகப் போய் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டாள். முனையைக் கிள்ளக் கை நீட்டினாள். நான் இலையை என் பக்கம் இழுத்தேன்.

“இன்னைக்கு அப்பா பங்க நான் சாப்பிடுறேன். பூராத்தையும். இனிமே தினமும் நானே சாப்பிடுறேன்.”

“வையி அத.”

“நானும் அப்பா புள்ளதான?”

ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அம்மா என் கையில் அடித்தாள். பழம்பொரி தெறித்துச் சுவரோரம் போய் விழுந்தது. வீசக் கூடாது என்று ஒரு வருஷமாகச் சொன்னவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வேணாம்! அப்பனும் போயி, எனக்கும் வந்து… ஒனக்கும் வரணுமா?”

“அப்ப ஒனக்கு மட்டும் எதுக்கும்மா?”

அத்தை நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்கள். அம்மா என்னை அடித்த கையைப் பார்த்தாள். பிறகு, நான் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

“நீதான் எல்லாம் படிக்கிறியே. அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

இதை நான் நர்சக்காவிடம் தனியாகக் கேட்டிருந்தேன் அப்பா. “ரொம்ப நாளா உள்ளயே இருந்த நோய் ஆத்தா. அன்னைக்கு ஒண்ணு தின்னதால கூடியிருக்காது. திங்காததால கொறஞ்சிருக்கவும் செய்யாது” என்று சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னால் ஆறுதலா, தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கேட்கும்வரை சொல்லவில்லை. கேட்ட பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை.

“ஒண்ணும் ஆயிருக்காதும்மா.”

“அப்பக் குடுத்திருக்கலாம்.”

“குடுத்திருக்கலாம்.”

இந்த ஒரு வருஷத்தில் அம்மா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். நடுவில், “நாளைக்குன்னுதான் சொன்னேன். குடுக்கவே மாட்டேன்னு சொல்லலயே” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அப்பாவுக்கு அது தெரியும்மா” என்றேன். இந்த ஒன்றை மட்டும்தான் நான் எங்கேயும் கேட்காமல், எதிலும் படிக்காமல் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்தானே?

அத்தை உள்ளே வந்து அம்மாவின் முதுகைத் தடவினார்கள். “நான் ஒரு கிறுக்கச்சி. வாய் நிக்காமச் சொல்லிப்புட்டேன்” என்றார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு இலையைப் பார்த்தார்கள். “ஏ தங்கம், படையல்னா நாலு பேரு பங்கு வச்சுத் திங்கிறது. நீ ஒத்தையா உக்காந்து திங்கிறதுக்கு இது என்ன மருந்தா? எந்தம்பியே ஒத்தையில திங்க மாட்டான், கூப்பிட்டு வச்சுக் கதை பேசித்தான் திம்பான்.” அப்படியே தட்டில் அள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். வீடு வீடாக, “எந்தம்பி திதி, ஆளுக்கு ஒரு துண்டு, கூடக் கேக்காதீக” என்ற குரல் கேட்டது. திரும்பி வந்தபோது தட்டில் ஒன்றுதான் மிச்சம். அம்மா அதை மூன்றாகப் பிய்த்தாள். அவளுக்கென்று எடுத்துக்கொண்டது கட்டைவிரல் நுனி அளவு.

அதற்குப் பிறகு அம்மா சாயங்காலத்தில் எண்ணெய் காய வைக்கவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் தெரு முனை திரும்பியபோது வாசனை இல்லை. கதவைத் திறந்தேன். வீடு வெறும் வீடாக இருந்தது. நீங்கள் போனது எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் வந்தீர்களோ? இனி எப்படி வழி கண்டுபிடிப்பீர்கள்? அம்மாவுக்கும் அந்த நேரத்தில் கைக்கு வேலை இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள். ஒருநாள் வெறும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் புத்தகத்தை மூடிவிட்டு அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

இன்று சாயங்காலம் உங்கள் படத்துக்கு முன்னால் மறுபடியும் தட்டு வைத்தாள். எட்டிப் பார்த்தேன். நாங்கள் சாப்பிட இருந்ததுதான்: அவரைக்காய்ப் பொரியல், பாசிப்பயறு, கொஞ்சம் சோறு. “இன்னைக்கு இதுதான். இனிமே நாங்க திங்கிறதத்தான் நீங்களும் திங்கணும்” என்று உங்களிடம் சொன்னாள். கொஞ்சம் யோசித்து, “உப்பு கம்மியா இருக்கா?” என்று கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

அப்பா, உங்களுக்குப் பசி இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் படித்ததைச் சொல்கிறேன் என்கிறாள்.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். அம்மாவின் குதிகாலைத் தினமும் நானே கழுவித் துடைத்துப் பார்ப்பேன். மேல் தோல் மூட ஆரம்பித்திருக்கிறது, ஓரத்தில் இன்னும் சிவப்பு இருக்கிறது. அது முழுதாக ஆறும்வரை விட மாட்டேன், ஆறிய பிறகும் விட மாட்டேன். உங்கள் திதிக்கு மட்டும் பழம்பொரி உண்டு, தெருவோடு சேர்ந்து. அன்று வாருங்கள். மற்ற நாட்களில் வந்தாலும் தட்டு இருக்கும், ஆனால் கீரைதான்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

“போதும் ஆத்தா, கண்ணு போயிரும்” என்று சொல்லி அம்மா விளக்கை அணைக்க வருகிறாள்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே பிள்ளை,
பவித்ரா