பலகையைத் தாண்டியது நான்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், குட்டிக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எங்கள் இருவருக்கும் குறையில்லை. உன் தம்பிக்குப் பகல் ஷிப்டே கிடைத்துவிட்டது, எதிர்வீட்டுத் தையல்காரர் மகள் என்னிடம் கார் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

தேசியப் பூங்காவுக்குப் போய் வந்த கதை என்று நான் உன்னிடம் சொன்னது பொய். அம்மாவின் பிடிவாதத்தால்தான் வண்டி பாறைக்காட்டில் மாட்டியது என்றேன். நடந்தது வேறு. அங்குள்ள பாறைகளைப் பார்க்க இரண்டு நாள் ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம், மண்பாதை தொடங்கும் இடத்தில் ஆளுயரத்துக்குப் பலகை, சின்னக் கார்கள் இதற்கு மேல் போகக்கூடாது என்று. பலகையில தெளிவா போட்டிருக்குங்க, எறங்கி நடந்தே பாப்போம் என்றாள் அம்மா. முப்பது வருஷமாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவனுக்கு நீ பாடம் எடுக்காதே என்று அவள் வாயை அடைத்துவிட்டு ஓட்டினேன். ஒரு மைல்கூடப் போகவில்லை, அடியில் கல் இடித்து எண்ணெய் முழுதும் ஒழுகி இன்ஜின் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, போனில் சிக்னல் இல்லை, வண்டி நிழலைத் தவிர வேறு நிழல் இல்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசித் தண்ணீரையும் என்னைக் குடிக்கச் சொல்லிவிட்டுத் தனக்குத் தாகமில்லை என்றாள்.

பிறகு ஜீப்பில் காவலர் வந்தார், தம்பி வயதுதான் இருக்கும். பலகையைப் பார்த்தீர்களா இல்லையா, யார் இந்தப் பக்கம் போகச் சொன்னது என்று கேட்டார். நான் போட்டிருந்த சட்டையில் எங்கள் ஓட்டுநர் பள்ளியின் பெயர் இருந்தது. "இவதான் கிட்டப் போய்ப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா" என்றேன். யோசிக்கும் முன்னே வாயில் வந்துவிட்டது. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம், "ஆமாப்பா, என் தப்புதான்" என்றாள். அவர் திட்டியதையெல்லாம் தலைகுனிந்து அவள் வாங்கிக்கொண்டாள், நான் வண்டிக்கடியில் எதையோ ஆராய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதோடு விட்டேனா? உன்னிடமும் அதையே சொன்னேன். இந்த வயசில் உனக்கு எதற்கம்மா இந்த ஆசை, அப்பா உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நீ கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சரிம்மா, இனிமே எங்கயும் போகல என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் எங்கள் பள்ளிக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு ஏரிக்குப் போகிறோம் என்று கூப்பிட்டார்கள். நான் வந்தா ஏதாவது ஆகும், நீங்க போயிட்டு வாங்க என்றாள். குத்திக்காட்டவில்லை பாப்பா, நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்லிவிட்டேன். இதை மாப்பிள்ளைக்கும் படிக்கக் கொடு, அவர் காதுபடத்தானே அம்மா பேச்சு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை என் போனுக்கு வேண்டாம், அம்மா போனுக்கே கூப்பிடு. குட்டியைக் குளிரில் வெளியே விடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்கவேண்டும்.

உன்னிடம் முகம் காட்டக் கூசும்
அப்பா