அக்கா ஒரு தடவை சொன்னாள்

எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்ட என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. யுத்தம் முடிந்துவிட்டது, மண்ணெண்ணெய்க்கு மட்டும் இன்னும் ரேஷன் கார்டுதான். உன் மகள் கோதைக்கு ஆறு வயதாகிறது. உன் இடத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியுமா? நீ சமைத்த அடுப்பில் நான் சமைக்கிறேன். நீ மாமா என்று கூப்பிட்டவரை நானும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

வந்த அன்றே அத்தை சொன்னார்கள்: "உங்கக்கா இருந்தவரைக்கும் இந்த வூட்டுல அவ கொரலே கேட்டதில்ல. அப்புடி இருந்துட்டுப் போ."

உன்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார்கள். எனக்கு அது புகழ்ச்சியாகப் படவில்லை. நாலு மாதம் வயிற்றுவலியோடு பத்துப் பேருக்கு ஆக்கிப்போட்டாய். எனக்கு எழுதிய தபால் கார்டுகளில் எல்லாம் 'சுகம்' என்று எழுதினாய். கடைசியில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, "ஏம்மா இத்தன நாளா சொல்லல?" என்று டாக்டர் கேட்டாராம். அந்தக் கேள்வியை நானும் மனதுக்குள் உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது அக்கா.

ஆனாலும் முதல் வருஷம் உன்னைப் போலவேதான் இருந்தேன். விடியுமுன் சாணி தெளிப்பதில் தொடங்கி, அறுப்பு நாளில் களத்துக்குக் கூழ் சுமப்பது வரை எல்லாம் செய்தேன். பிறகு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. யாராவது கூப்பிட்டாலே எரிச்சலாக வந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் கோதை வந்து, "சித்தி, தல பின்னி வுடு" என்றாள். கொதிக்கிற சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றிருந்தேன். திரும்பி ஓங்கி அறைந்துவிட்டேன். குழந்தை அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆறு வயதில் அதை எங்கே கற்றுக்கொண்டாள்? உன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?

அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு பானையை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு முடியல. நெஞ்சு படபடங்குது. கொழந்தைய அடிச்சிட்டேன். மத்தியானம் எல்லாரும் சாப்ட்டதும் ஒரு மணி நேரம் நான் படுக்கணும், யாரும் கூப்புடக் கூடாது. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்க, டாக்டரப் பாக்கணும்" என்றேன். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

அத்தை விசிறியைக் கீழே வைத்தார்கள். "உங்கக்கா ஒரு நாளும் இப்புடி..."

"அக்கா சொல்லல அத்தை. அதான் செத்துப்போனா."

மாமா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

மூன்று நாள் என்னோடு யாரும் பேசவில்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். இருந்தாலும் மூன்று நாளும் மத்தியானத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். வெளியே அத்தை பாத்திரத்தை உருட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் மாமா வண்டி பூட்டினார். வண்டி கல்லங்குறிச்சி தாண்டியது. பிறகு மாட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ ஒரு தடவ சொன்னா, தனம். களத்துக்கு வந்து, வயிறு வலிக்குதுங்கன்னா. அறுப்பு முடியட்டும்டின்னேன். அப்பறம் அவ சொல்லல."

அக்கா, நீ சொல்லியிருக்கிறாய். களம் வரைக்கும் நடந்துபோய்ச் சொல்லியிருக்கிறாய். இது தெரியாமல் இரண்டு வருஷம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேனே. என்னை மன்னித்துவிடு. நான் மாமாவுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவர் அழுதார், அழட்டும் என்று இருந்தேன். அது தப்பா?

ரத்தம் குறைவு, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். இப்போது படபடப்பு குறைந்திருக்கிறது. அத்தை இன்னும் பாத்திரத்தை உருட்டுகிறார்கள், உருட்டட்டும். என் ஓரகத்தி, மாமாவின் தம்பி பெண்டாட்டி, போன வாரம் என்னிடம் வந்து, "எனக்கும் இடுப்பு வலிதாங்க்கா. நானும் சொல்லட்டா?" என்று கேட்டாள். இரண்டு பேருமாக அத்தையிடம் போய்ச் சொன்னோம். கோதையும் இப்போது அழ வேண்டியதற்குச் சத்தம் போட்டே அழுகிறாள். ஊர் என்னை வாயாடி என்கிறது. அந்தப் பேர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கேட்கிறவரைக்கும் நான் பத்துத் தடவை, நூறு தடவை சொல்லுவேன். உன் மகள் பெரியவளாகும்போது, இந்த வீட்டில் ஒரு பெண் ஒரு தடவை சொன்னாலே போதும் என்று ஆக்கிவைப்பேன்.

உன் தங்கை,
உன் கோதைக்குச் சித்தி,
தனம்